நாடா போக வேண்டும்: நெல்லைச் சீமைப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 17, 2025, திங்கள்: கிருஷ்ணாபுரம், நெல்லை டவுன்

ஆடை வடிவமைப்புப் படிப்பின் கடைசிப் பருவத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வட்டாரத்தில் சில நாள் சுற்றி, அங்கே கண்ட உருவங்களையும் நிறங்களையும் கொண்டு துணி மாதிரிகள் செய்து கொடுக்க வேண்டும். வகுப்பில் பலர் காஞ்சிபுரத்தையும் காரைக்குடியையும் பிடித்துக்கொண்டார்கள். அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் காசு இல்லை என்பதால் நான் நெல்லைச் சீமை என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் அற்பமானதுதான். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, திருநெல்வேலியிலிருந்து அம்பைக்குச் செல்லும் ஒரே சாலையில் கோரைப் பாய் நெய்யும் பத்தமடையும் சேலை நெய்யும் வீரவநல்லூரும் அடுத்தடுத்து இருந்தன. சற்று விலகினால், கோபுரத்துக்குள் பழைய ஓவியங்களை வைத்திருக்கும் திருப்புடைமருதூர். இதற்கு மேல் ஒரு மாணவிக்கு என்ன வேண்டும்?

ரயிலை விட்டு இறங்கியதும் ஜங்ஷன் பக்கத்து மெஸ் ஒன்றில் இடியாப்பமும் சொதியும் ஐம்பது ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு, திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரத்துக்குப் போனேன். 16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்து வெங்கடாசலபதி கோயில் அது. தூணோடு சேர்த்து ஒரே கல்லில் வடித்த ஆளுயரச் சிற்பங்களுக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாகக்கணை ஏந்திய கர்ணன், அன்னத்தின்மேல் ரதி, அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்து, கையில் புடைத்திருக்கும் நரம்பையும் விரல் நகத்தையும் வியந்துவிட்டுப் போகிறார்கள். நான் இடுப்புக்குக் கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உடையின் கரை எங்கே தொடங்குகிறது, கொசுவம் எந்தப் பக்கம் விழுகிறது, கொடியும் பூவும் ஓடும் பட்டை எத்தனை விரல் அகலம் என்பதையெல்லாம் கட்டத்தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, செலைய விட்டுட்டு சேலைய வரையுதீங்க?" என்று கேட்டாள். ஆசிரியை அவளை அதட்டினார். என்னைக் கேட்டால் அந்தக் கூட்டத்தில் சரியாகக் கவனித்தவள் அவள் ஒருத்திதான்.

மாசி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் பதினோரு மணிக்கு வெளிப்பிராகாரத்துக் கல் காலைச் சுட்டது.

சாயங்காலம் டவுனில், சாயத்துக்கு வேண்டிய சரக்கு வாங்க ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றேன். ஒரு கிலோ கடுக்காய் கேட்டதும் கடைக்கார அண்ணாச்சி தராசை வைத்துவிட்டு, "வீட்ல எத்தன பேருக்கும்மா வயிறு சரியில்ல?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். துணிக்குச் சாயம் போட என்று சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சிவப்புச் சாயம் தரும் பதிமுகக் கட்டையும் படிகாரமும் வாங்கிய பிறகுதான் ஓரளவு ஒப்புக்கொண்டு, கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலாகவே பார்த்து எடுத்துக் கொடுத்தார். "கொட்டையோட வாங்கினா எடதான் நிக்கும், சாயம் நிக்காது" என்றார். அவருக்குச் சாயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக் கடையில் வரிசை தெருவரை நீண்டிருந்தது. வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கி, நெய் மணிக்கட்டுவரை வழிய நின்றபடியே தின்றேன். சம்பா கோதுமைப் பால், சர்க்கரை, நெய் மூன்றும்தான் சரக்கு. ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்று வரிசையில் எனக்கு முன்னே நின்றவரும் பின்னே நின்றவரும் ஒரே வாக்காகச் சொன்னார்கள். தண்ணீர் அவ்வளவு வேலை செய்யுமானால் அதைச் சாயத்தொட்டியிலும் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பிப்ரவரி 18, செவ்வாய்: அம்பாசமுத்திரம்

ஆச்சி வீட்டுப் பின்கட்டில் ஒரு மண்பானை பொங்கலிலிருந்து மூடிக் கிடந்தது. அப்போது வந்திருந்தபோது துருப்பிடித்த ஆணிகளையும் உடைந்த அரிவாள் ஒன்றையும் கருப்பட்டியோடு தண்ணீரில் போட்டு, துணியால் வாய்கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தேன். கலம்காரித் துணியில் காணும் கறுப்பு இந்த வழியில் வருவதுதான்: வெல்லம் புளித்து அமிலமாகி இரும்பைக் கரைக்கிறது, அந்த நீரைக் கடுக்காயில் தோய்த்த துணியில் தடவினால், கடுக்காயின் துவர்ச்சத்தும் இரும்பும் கூடிக் கறுக்கின்றன. ஆந்திரத்தில் வெல்லம் போடுவார்கள். இந்தச் சீமையில் கருப்பட்டி போடாமல் வேறு எதைப் போடுவது? வாயைத் திறந்ததும் எழுந்த வாடையில் பக்கத்து வீட்டு மதினி ஜன்னலைச் சாத்தினாள். "ஏட்டி, ஒரு மாசமா இந்த நாத்தத்தக் காவல் காத்துக்கிட்டுக் கெடக்கேன், தெரியுமா?" என்றாள் ஆச்சி.

காடாத் துணியைச் சோடாவில் வேகவைத்துக் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் போக அலசி, கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைத்து வெயிலில் உலர்த்தினேன். துணி வெளிறிய மஞ்சளாயிற்று. பால் சேர்ப்பது வீண் சடங்கன்று. அதிலுள்ள கொழுப்பு, தடவும் மை இழைகளின் வழியே பரவாமல் தடுக்கிறது. மூங்கில் குச்சி நுனியில் பஞ்சு சுற்றிக் கருப்பட்டி இரும்பு நீரைத் தொட்டு, கிருஷ்ணாபுரத்துக் கொடியை இழுத்தேன். கோடு விழும்போது சாம்பல் நிறம். காற்றுப் பட்டுக்கொண்டிருக்க, அடுத்த கோட்டுக்குப் போவதற்குள் கறுத்துவிட்டது. இதைப் பலமுறை புத்தகத்தில் படித்திருக்கிறேன். கண்ணெதிரே நடக்கும்போது கூப்பிட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது, ஆச்சியைக் கூப்பிட்டேன். அவள் பார்த்துவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "துணி இத்துப் போவும், நல்லா அலசு" என்றாள். உண்மையே. இரும்பு மிச்சம் இருந்தால் நாளடைவில் பருத்தி இழையை அரித்துவிடும். பழைய துணிகளில் கறுப்புப் பட்ட இடம் மட்டும் பொத்தலாகியிருப்பது இதனால்தான். வெள்ளைச் சேலையில் அரிவாள் துரு பட்டுக் கிழிந்த அனுபவத்திலிருந்து ஆச்சி இதைச் சொன்னாளாம்.

பிற்பகல் பதிமுகம். முந்திய இரவே சீவல்களை இரண்டு பாத்திரத்தில் ஊறவைத்திருந்தேன்: ஒன்றில் ஆற்றுநீர், மற்றதில் வீட்டுக் கிணற்று நீர். படிகாரம் ஏற்றிய ஒரே துணியிலிருந்து வெட்டிய துண்டுகளை இரண்டிலும் ஒரே நேரம் கொதிக்கவைத்தேன். ஆற்றுநீர்த் துண்டு செங்காவிச் சாயலில் வந்தது. கிணற்று நீர்த் துண்டு அடர்ந்து, நீலம் கலந்த சிவப்பாயிற்று. கிணற்று நீரில் உப்பும் காரத்தன்மையும் கூடுதல். பதிமுகச் சாயம் புளிப்பில் மஞ்சளுக்கும் காரத்தில் கருஞ்சிவப்புக்கும் நகரும் இயல்புடையது. ஆச்சியின் சுண்ணாம்பு டப்பாவிலிருந்து ஒரு நகக்கண் அளவு எடுத்து ஆற்றுநீர்ப் பாத்திரத்தில் கரைத்ததும் அதுவும் கத்தரிப்பூ பக்கம் திரும்பியது. இந்தச் சாயம் வெயிலில் வெளிறும் என்பதால் மாதிரிகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அல்வா வரிசையில் நின்றவர்கள் சொன்னது அல்வாவுக்கு எவ்வளவு பொருந்துமோ அறியேன். பதிமுகத்துக்கு முழுக்கப் பொருந்துகிறது.

இரவு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். கை முழுக்க மை. ஆச்சிதான் தட்டில் பிசைந்து வைத்தாள்.

பிப்ரவரி 19, புதன்: பத்தமடை

காலையில் ஏறிய பேருந்து பத்தமடையில் நிற்கும் என்று நடத்துநர் சொல்லி ஏற்றினார். நிற்காமல் போய் மேலச்செவலில் இறக்கிவிட்டார். கேட்டதற்கு, "கையத் தட்டியிருக்கணும்லா" என்று என்மீதே பழி. அங்கே வாழையிலைக் கட்டுகளோடு மொபெட்டில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், இடமில்லாததால் ஏற்றிக்கொள்ள முடியவில்லை என்று மூன்று முறை வருத்தம் தெரிவித்து, எதிர்ப்பக்கம் டவுன் பஸ் வரும்வரை வெயிலில் என்னோடு நின்று, ஓட்டுநரிடம் "பிள்ளைய பத்தமடையில எறக்கிவிடணும், மறந்திராதிய" என்று ஒப்படைத்துவிட்டே நகர்ந்தார். அவருடைய இலை வாடியிருக்கும். சாலையின் இருபுறமும் பிசானப் பருவத்து நெற்பயிர் முற்றி மஞ்சளித்திருந்தது. வாய்க்கால் ஓரங்களில் கோரை.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு; ஊர்ப்பெயரைக் கேட்டதும் பாயைச் சொல்லாதவர் தமிழ்நாட்டில் குறைவு. நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். தெருவில் விசாரித்து நான் போய்ச் சேர்ந்த வீட்டில் அறுபதைக் கடந்த ஓர் அம்மாவும் அவரை லாத்தா என்று அழைக்கும் இளைய பெண்ணும் நெய்துகொண்டிருந்தார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "பாய எடு, எங்கள எடுக்காத" என்றார் லாத்தா. அதன்பிறகு கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஏனென்றால் அங்கே பார்க்க வேண்டியது விரல்களைத்தான்.

தறி என்றால் நாம் நினைக்கும் தறியன்று. தரையோடு ஒட்டி, இரு முனைகளிலும் மூங்கிலில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், இழுத்துக் கட்டியிருக்கிறது. நெய்கிறவர் பாவின்மேல் போட்ட பலகையில் உட்கார்ந்து, பாய் வளர வளர முன்னே நகர்கிறார். பாவு பருத்தி நூல், மிக உயர்ந்த வகைக்குப் பட்டு. குறுக்கே செல்லும் ஊடை கோரை. பச்சையாக அறுத்த கோரையைக் கிழித்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஒரு வாரம்வரை ஊறப் போட்டு, மறுபடி காயவைத்து, உள்ளிருக்கும் பஞ்சுபோன்ற சோற்றை நீக்கி எடுத்தால்தான் நூல் போல மெலிந்த இழை கிடைக்கும். பட்டுப் பாய் என்று பேர்பெற்ற மெல்லிய பாயின் வழுவழுப்பு முழுவதும் இந்தக் கிழிப்பில் இருக்கிறது, நெசவில் இருப்பதைவிட.

எனக்கு உறைத்த செய்தி வேறு. துணியில் ஊடை நூல், அதை ஏந்தி ஓடும் நாடாக் கட்டையோடு போய்த் திரும்பி வரும். முடிவே இல்லாத ஒரே நூல். பாயில் ஒரு வரிசைக்கு ஒரு கோரை. அதன் நீளம் முடிந்தால் வரிசை முடிந்தது, நுனி ஓரத்தில் மடித்துச் செருகப்படுகிறது. பாயின் அகலத்தை மனிதர் முடிவு செய்யவில்லை, புல் முடிவு செய்திருக்கிறது. அதே காரணத்தால் வரிசைக்கு வரிசை நிறத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. நிறம் தோய்த்த கோரையை எடுத்துச் செருகினால் போதும். ஆகவேதான் பத்தமடைப் பாயில் குறுக்குக் கோடுகள் இவ்வளவு தாராளமாகவும் திருத்தமாகவும் விழுகின்றன. நான் வரைந்து கொண்டு போயிருந்த கொடியை விரித்துக் காட்டினேன். லாத்தா அதைத் தலைகீழாகத் திருப்பி, பிறகு நேராக்கி, நாகரிகமாக, "நல்லாருக்கு, சேலைக்காரங்கள்ட்ட குடு" என்று மடித்துத் தந்தார்.

முன்னாளில் சிவப்புக்குச் சப்பங்கக் கட்டைதான் என்றார். அதுவே என் பதிமுகம். இப்போது கடைச் சாயம். பொட்டலம் பிரித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. என் மாதிரித் துண்டுகளைக் காட்டியதும் இளையவள் முகர்ந்து பார்த்து, "இது வெயில்ல போயிரும்லா" என்றாள். கல்லூரியில் எங்களுக்கு இயற்கைச் சாயம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புகழச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாயை விற்றபின் இரண்டாம் மாதம் திரும்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது என்ற கேள்வியை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

நானும் சில வரிசை செருகிப் பார்த்தேன். என் கையில் கோரை பட்டுப் பட்டென்று முறிந்தது. நெய்யும்போது அது ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும், அந்தப் பதம் லாத்தாவின் விரல்களுக்குத் தெரிகிறது. மணமக்கள் பெயர் போட்ட கல்யாணப் பாய் ஒன்று சுவரோரம் சுருட்டி வைத்திருந்தது. விலை கேட்டேன். முரட்டுக் கோரைப் பாய் ஆயிரத்துச் சொச்சம். பட்டுப் பாய் என்றால் பத்தாயிரத்துக்கு மேல், முடிக்க ஒரு மாதம் ஆனாலும் ஆகும். சாப்பிடாமல் விடவில்லை: சோறும் மீன் ஆணமும். நிறம் ஏற்றாத ஒரு கட்டுக் கோரையை இருநூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பிப்ரவரி 20, வியாழன்: வீரவநல்லூர்

வீரவநல்லூரின் செடிபுட்டா சேலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்கிறவர்கள் சௌராஷ்டிரர், தெருவில் நடந்தால் தறிச் சத்தமும் சௌராஷ்டிர மொழிப் பேச்சும் சேர்ந்தே கேட்கின்றன. செயற்கைப் பட்டும் பருத்தியும் கலந்த உடலில், சின்னச் செடியும் பூவுமாகப் புட்டாக்கள் விட்டு விட்டு விழும். கடையில் தொங்கும்போது எளிய சேலை என்றுதான் தோன்றும். தறியருகே நின்று பார்த்தால் அந்த இடைவெளிகள் எவ்வளவு யோசித்து விடப்பட்டவை என்று தெரிகிறது.

எனக்கு வழிகாட்டிய பெரியவர் நாற்பது ஆண்டுக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். கிருஷ்ணாபுரத்துக் கொடியை அவரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வரையுறதுக்கு ஒண்ணும் தடையில்லம்மா. நாடா போகணும்லா?" என்றார். பிறகு காகிதத்தைத் தறியின்மேல் விரித்து ஒவ்வொன்றாக விளக்கினார். முதல் குறை, என் கட்டத்தாள். அதில் கட்டங்கள் சதுரம். அவர் தறியிலோ அங்குலத்துக்குப் பாவு இழை அதிகம், ஊடை குறைவு. சதுரக் கட்டத்தில் எண்ணி வரைந்த பூ, நெய்யும்போது நீளவாக்கில் இழுபடும். "ஒங்க வட்டம் எங்க தறியில முட்டையாயிரும்" என்றார். இரண்டாவது, வளைவு. கல்லில் உளி எங்கே வேண்டுமானாலும் திரும்பும். தறியில் ஒவ்வொரு வளைவும் படிக்கட்டு. நூல் மெலிந்து இழை கூடினால் படி சிறுக்கும், கண்ணுக்கு வளைவாகத் தெரியும். இழை தடித்தால் படி படியாகவே நிற்கும். மூன்றாவதுதான் பெரிய குறை: என் கொடி சேலை முழுக்கப் படர்ந்திருந்தது. புட்டாவுக்கு உடலின் ஊடை அல்லாமல் தனி ஊடை வேண்டும். பூவுக்கும் பூவுக்கும் நடுவே அந்த நூல் துணியின் பின்பக்கம் தொங்கும். தொங்கினால் மோதிரமும் கொலுசும் மாட்டும். வெட்டிவிட்டால் நூல் வீண். பூவுக்கு ஒரு குட்டித் தார் (நூல் சுற்றிய குச்சி) என்று வைத்துக் கையால் கோத்தால் நாள் கணக்கு ஏறும். ஆகவே, எவ்வளவு பூ என்பதைவிட எவ்வளவு வெற்றிடம் என்பதிலேயே சேலையின் விலை நிற்கிறது.

இதையெல்லாம் அவர் சலிப்பின்றிச் சொன்னார்; நடுவில் அவர் மனைவி டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்து, எனக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்பதையும் விசாரித்து முடித்தார். ஊடைக்கும் பாவுக்கும் உரிய விகிதத்தில் கோடு போட்ட பழைய கட்டத்தாள் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துத் தூசு தட்டித் தந்தார் பெரியவர். மஞ்சளித்துப்போன தாள், வெள்ளைத் தாளைவிட எனக்கு அது பெரிய பொருள்.

வீடு திரும்பினால் விபரீதம். முற்றத்தில் உலர்த்தியிருந்த கோரைக் கட்டைப் பக்கத்து வீட்டு ஆடு பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தது. பதிமுகத்தில் தோய்த்துத் தனியே வைத்திருந்த கோரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டின் சொந்தக்காரர் வந்து, கோரைக்குக் காசு தருகிறேன் என்றார். ஆச்சி, "வாயில்லாச் சீவன், புல்லுன்னு நெனச்சிருக்கும்" என்று ஆட்டின் தரப்பில் பேசிவிட்டதால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அது புல்தான் என்பதையும் மறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி: திருப்புடைமருதூர்

இந்தப் பயணத்தில் மிகவும் களைத்ததும் மிகவும் அதிகம் கிடைத்ததும் இன்று. தாமிரபரணியோடு கடனாநதி கூடும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகள் கூடு கட்டி அடைகின்றன. ஊரார் முன்கை எடுத்ததால் 2005இல் இவ்விடம் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நான் மரத்தடியில் நோட்டைத் திறந்த உடனே மேலேயிருந்து ஒரு பறவை தன் கருத்தைத் தெரிவித்தது. பூ விற்ற அம்மா தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, "அதுங்க எடம்லா, நாமதான் தள்ளி ஒக்காரணும்" என்றார். கைக்கு இரண்டு முழம் மல்லிகையும் இருபது ரூபாயில் வந்து சேர்ந்தது.

ஓவியங்கள் இருப்பது கோபுரத்தின் உள்ளே. சாதாரணமாகப் பூட்டியிருக்கும், அனுமதி கேட்டு, பூசை முடியும்வரை காத்திருந்தால் திறந்துவிடுவார்கள். குறுகிய மரப்படிகள், வௌவால் வாடை, உச்சி வெயிலில் செங்கல்லின் வெப்பம். மேலே ஏறிக் கண் இருட்டுக்குப் பழகியதும், ஐந்து நிலைகளிலும் சுவர் முழுக்க ஆட்கள் நடமாடுகிறார்கள்: போருக்குப் போகும் படை, குதிரை ஏற்றி வரும் கப்பல், புராணக் காட்சிகள், உயரமான குல்லாய் வைத்த பிரபுக்கள். நிலைகளைத் தாங்கும் மரத்தூண்களிலும் விட்டங்களிலும் செதுக்கு வேலை. 16, 17ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு என்பார்கள்.

நான் துணியைத் தேடினேன். அங்கே ஒவ்வோர் உடையிலும் ஒரு வேலைப்பாடு: கோடு, கட்டம், கட்டத்துக்குள் புள்ளி, நாலிதழ்ப் பூ, கரையில் முக்கோண வரிசை. கிருஷ்ணாபுரத்துச் சிற்பி துணியை மடிப்பும் நெளிவுமாகக் காட்டினார். கரை மடிப்புக்குள் போய் மறையும், எண்ண முடியாது. இந்த ஓவியரோ உடலை வரைந்து, துணியின் கோலத்தை மடிப்பைப் பொருட்படுத்தாமல் விரித்த நிலையிலேயே மேலே இட்டிருக்கிறார். கலைப் பாடத்தில் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இது வரம். ஒரு பெண்ணின் உடையில் குறுக்கே எத்தனை கட்டம், கட்டத்துக்குள் எத்தனை புள்ளி என்று அப்படியே எண்ணி எழுதலாம். அந்த ஓவியர் நெசவாளர் தெருவிலோ அச்சுத் துணி வியாபாரியிடமோ பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்; நெய்ய முடியாத கோலம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

பெரியவர் கொடுத்த மஞ்சள் தாளில், கைவிளக்கு வெளிச்சத்தில், ஒற்றைக் கட்டம் விட்டு ஒற்றைக் கட்டத்தில் புள்ளி வைத்த அந்தக் கோலத்தை வரைந்தேன். கீழே இறங்கியபோது ஆடை முழுக்கச் சுண்ணாம்புத் தூசு, கால் நடுக்கம். சாவி வைத்திருந்தவர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டு, "இவ்ளோ நேரம் உள்ள இருந்தது நீங்கதான்" என்றார். பாராட்டா முறைப்பாடா என்று அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய இயலவில்லை.

பிப்ரவரி 22, சனி: பாபநாசம்

ஓய்வு என்று பெயர். அகத்தியர் அருவியில் குளித்து, குரங்கிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை இழந்து, கரையோரக் கடையில் கருப்பட்டிக் காப்பி குடித்தேன், பதினைந்து ரூபாய். கீழே விக்கிரமசிங்கபுரத்தில் ஆலை இருக்கிறது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை தொடங்கியபோது, ஆறு மலையிலிருந்து இறங்கும் விசையே எந்திரங்களைச் சுழற்றியது. வெளியிலிருந்து சுவரைப் பார்க்கத்தான் முடிந்தது, எழுத அதிகமில்லை.

மாலையில் ஆச்சி வீட்டுத் திண்ணையில் சட்டத்தறியை வைத்து, கருப்பட்டிக் கறுப்பேற்றிய பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, ஆடு விட்டுவைத்த கோரையை ஈரத் துணியில் சுற்றிப் பதப்படுத்தி ஊடையாகச் செருகினேன். முறியவில்லை. பதிமுகம் ஏற்றிய கோரை ஐந்து வரிசைக்கு ஒன்று. மற்றவை வெறும் கோரை நிறம். சட்டத்தின் அகலத்துக்குக் கோரையை வெட்டாமல், கோரையின் நீளத்துக்குச் சட்டத்தை மாற்றிக்கொண்டேன். முன்பு செய்த மாதிரிகளில் நான்கு நிறமும் மூன்று வகைப் பின்னலும் இருக்கும்; இதில் இரண்டே சாயம், ஒரே பின்னல், ஆனால் திண்ணையில் வந்து உட்கார்ந்த எல்லோரும் இதைத்தான் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு: மறுபடியும் வீரவநல்லூர்

ஊருக்குத் திரும்பும் வழியில் பெரியவரைப் பார்த்தேன். திருப்புடைமருதூர்க் கோலத்தைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. "இது தறிக்குப் பொறந்தது" என்றார். கோபுரத்தில் இருக்கிறது என்று சொன்னேன். பத்து வயதில் ஒருமுறை ஏறிப் பார்த்ததாகவும், உடுப்பைக் கவனித்ததில்லை என்றும் சொன்னார். ஆனால் அப்படியே ஒப்புக்கொண்டுவிடவில்லை. புள்ளி எட்டு இழை அகலம் என்று நான் போட்டிருந்தேன். நாலாகக் குறைக்கச் சொன்னார். கட்டத்தின் கோட்டைக் கறுப்பில் போடாமல், உடலின் நிறத்திலேயே ஒரு சாயல் கூட்டிப் போட்டால் புள்ளி எழும்பித் தெரியும் என்றார். கரைக்கு மட்டும் கிருஷ்ணாபுரத்துப் பூவில் ஒன்றை, கொடியில்லாமல், தனிப் புட்டாவாக வைக்கலாம் என்று அவரே பென்சிலை வாங்கி முட்டையாகாத ஒரு வட்டத்தைத் தாளில் எண்ணிப் போட்டார்.

இப்போது தறியில் இருக்கும் பாவில் இன்னும் சேலைகள் பாக்கி. அவை முடிந்ததும் மீதிப் பாவில் ஒரு முழம் எனக்காக ஓட்டித் தருவதாகவும், நூலை நானே அனுப்ப வேண்டும், கூலி ஒரு நாளுக்கு உள்ளது போதும் என்றும் பேசி முடித்தோம். ஆற்றுநீர்ப் பதிமுகத்தில் தோய்த்த நூல்தான் புள்ளிக்கு வேண்டும் என்றேன், வெளிறுமே என்றார். அதற்காக ஒரு புள்ளி வரிசை கடைச் சாயத்திலும் ஒரு வரிசை பதிமுகத்திலும் போட்டு, இரண்டையும் ஒரு கோடை முழுக்க ஜன்னலில் தொங்கவிட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. திருத்திய கட்டத்தாள் மாதக் கடைசிக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லும்வரை புள்ளிகளை நாலு இழையாகக் குறைத்துக்கொண்டு வந்தேன்; பாதித் தாள் முடிந்திருக்கிறது.